கிலி விற்ற சந்தை

கோவையிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார்: "என் மகன் ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டான். ஆங்கில வழிப் பள்ளி. 2021இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவன். தமிழில் நன்றாகப் பேசுகிறான், கதை சொல்கிறான், எழுத உட்கார்ந்தால் மட்டும் வரிக்கு மூன்று பிழை. ஜூனில் ஆறாம் வகுப்பு. இந்த விடுமுறையில் அடிப்படையை ஒருமுறை சரிபார்த்துவிடலாம் என்று இலக்கண கைடு வாங்கி, பெயர்ச்சொல், வினைச்சொல் எல்லாம் மனப்பாடம் செய்ய வைத்தேன். வரையறையை ஒப்பிக்கிறான், பிழை மட்டும் குறையவில்லை. 'தமிழ் ஒரு பாடம்தானே, விடு' என்கிறார் வீட்டுக்காரர். எங்கிருந்து தொடங்குவது? அவன் எழுதிய கட்டுரை ஒன்றை இணைத்திருக்கிறேன்."

அன்புள்ள அம்மா,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கட்டுரையை நான்கு முறை படித்தேன். வாசகர்களும் பார்க்கட்டும் என்று உங்கள் மகன் எழுதியதை எழுதியபடியே தருகிறேன்.

"எங்கள் ஊர் சந்தை திங்கள் கிழமை கூடும். நானும் தாத்தாவும் சந்தைக்கு போனேன். அங்க பல கடைகள் இருந்தது. ஒரு கடையில கிலி வித்தாங்க. தாத்தா எனக்கு பொறி வாங்கி குடுத்தார். மாடுகள் வரிசையா நின்னுச்சு. ஒரு கண்ணுகுட்டி தாத்தா வேட்டிய கடிச்சு இழுத்துச்சு அதை பார்த்து எல்லாறும் சிரிச்சாங்க தாத்தாவுக்கு கோவம் வந்துச்சு அதற்க்கு அப்புறம் தாத்தாவும் சிரிச்சார்"

இதில் 26 சிவப்பு வட்டங்கள். எண்ணிப் பார்த்தேன். கீழே "பிழைகள் அதிகம், கவனம் தேவை" என்று ஒரு குறிப்பு. கன்றுக்குட்டி வேட்டியைக் கடித்து இழுத்ததைப் பற்றியோ, கோபப்பட்ட தாத்தா கடைசியில் தானும் சிரித்ததைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. பத்து வயதுப் பையன் ஒரு காட்சியைப் பார்த்து, எதை முதலில் சொல்வது, எதில் கொண்டுபோய் முடிப்பது என்று தெரிந்து எழுதியிருக்கிறான். எழுதுவதில் கடினமான பாதி இதுதான், அது அவனிடம் இருக்கிறது. மிச்சம் இருப்பது பழுதுபார்க்கிற வேலை.

ஆசிரியரைக் குறை சொல்லவும் எனக்கு யோக்கியதை இல்லை. தொடக்கப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் சிவப்பு மையை வாரி இறைத்தவள்தான். நான்காம் வகுப்பில் ஒரு பெண், பக்கம் பக்கமாக எழுதுவாள், அத்தனையும் பிழை. ஒரு பருவம் முழுக்க ஒன்று விடாமல் திருத்திக் கொடுத்தேன். அடுத்த பருவம் அவள் நோட்டில் பிழையே இல்லை. மகிழ்ச்சியோடு படித்துப் பார்த்தால், "பசு பால் தரும். பசு புல் தின்னும். பசு நல்ல பிராணி." அவ்வளவுதான். தெரிந்த சொல்லைத் தவிர வேறெதையும் எழுதக் கூடாது என்று அவளுக்குக் கற்றுக் கொடுத்தது நான்தான். அவளை மறுபடி எழுத வைக்க ஒரு வருடம் பிடித்தது.

சரி, வேலைக்கு வருவோம். பிழைகளை எண்ணாதீர்கள், இனம் பிரியுங்கள். 26 வட்டம் என்றால் 26 குறை இல்லை. நாலைந்து குறைகள்தான் மாறி மாறி வந்திருக்கின்றன.

பிரிப்பதற்கு முன் ஒரு சோதனை. பென்சிலைக் கையில் கொடுத்து, அவன் எழுதியதை அவனையே சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். எழுதியிருப்பதை அப்படியே படிக்க வேண்டும், நினைத்ததைப் படிக்கக் கூடாது. "நானும் தாத்தாவும் சந்தைக்கு போனேன்" என்ற இடத்தில் அவன் வாய் தானாகவே தடுக்கும் பாருங்கள். ஏனென்றால் பேசும்போது அவன் "போனோம்" என்றுதான் சொல்வான். கடைசி நான்கு வாக்கியங்களைப் புள்ளியே இல்லாமல் ஓட்டியிருக்கிறானே, அங்கேயும் மூச்சு வாங்கும்போது அவனுக்கே தெரிந்துவிடும். அப்படி அவனே கண்டுபிடித்தவை எல்லாம் கவனக் குறைவு. அதற்குப் பாடம் வேண்டாம், எழுதிய பின் ஒருமுறை வாய்விட்டுப் படிக்கும் பழக்கம் போதும். படித்த பிறகும் கண்ணில் படாதவைதான் அவன் இன்னும் கற்காதவை. நீங்கள் உட்கார வேண்டியது அதற்கு மட்டும்தான்.

இனி அந்த 26ஐப் பார்ப்போம். அங்க, கடையில, வித்தாங்க, குடுத்தார், வரிசையா, நின்னுச்சு, கண்ணுகுட்டி, வேட்டிய, கடிச்சு, இழுத்துச்சு, சிரிச்சாங்க, கோவம், வந்துச்சு, சிரிச்சார். ஆக 14. பாதிக்கு மேல். இவை எதுவும் எழுத்துப் பிழையே இல்லை, பேச்சுத் தமிழ். வீட்டில் நீங்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டு, ஒலி பிசகாமல் எழுதியிருக்கிறான். தமிழில் பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்று. பெரியவர்களான நமக்கு இது பழகிப் போனதால், குழந்தை தாண்ட வேண்டிய பள்ளம் எவ்வளவு பெரியது என்று தெரிவதில்லை. முன்பெல்லாம் ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் ஆசிரியர் புத்தகத்தை உரக்கப் படிக்க, பிள்ளைகள் கூடவே படித்துப் படித்து இந்த எழுத்து நடை காதில் ஏறும். உங்கள் மகன் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது தமிழ்நாட்டில் சின்ன வகுப்புகளுக்குப் பள்ளி திறந்ததே 2021 நவம்பரில்தான். ஜனவரியில் மறுபடி மூடினார்கள். ஐந்தாறு மாதம் அவன் தமிழை அலைபேசித் திரையில் படித்திருப்பான். அந்த இடைவெளிதான் இப்போது நோட்டில் தெரிகிறது.

இதைச் சரிசெய்ய வரையறை எதுவும் வேண்டாம், ஒரு விளையாட்டு போதும். நீங்கள் பேச்சுத் தமிழில் ஒரு வாக்கியம் சொல்லுங்கள், அவன் அதைப் 'புத்தகத் தமிழில்' திருப்பிச் சொல்ல வேண்டும். "நேத்து ஆத்துல தண்ணி வத்துச்சு" என்றால் "நேற்று ஆற்றில் தண்ணீர் வற்றியது". "தாத்தா சோத்துல குழம்பு ஊத்துனார்" என்றால் "தாத்தா சோற்றில் குழம்பு ஊற்றினார்". பத்து வாக்கியத்தில் அவனுக்கே ஒன்று பிடிபடும்: நாம் 'த்த' என்று பேசுகிற பல இடங்களில் எழுத்தில் 'ற்ற' இருக்கிறது. வித்தாங்க, விற்றார்கள். காத்து, காற்று. அதேபோல் நின்னு, கண்ணு, மூணு என்று பேசுவதெல்லாம் எழுதும்போது நின்று, கன்று, மூன்று. கடிச்சு, சிரிச்சு, படிச்சு என்பவை கடித்து, சிரித்து, படித்து. இதை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். அவன் கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடித்த வேகத்தில் 'பத்து' என்பதைப் 'பற்று' என்று மாற்றிவிட்டு வந்து நிற்பான், அப்போது சிரித்துக்கொண்டே விதிவிலக்கைச் சொல்லுங்கள். சாப்பாட்டு நேரம், பேருந்துப் பயணம் எல்லாம் இதற்குத் தோதான நேரம். நோட்டும் பேனாவும் தேவையில்லை.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். பேச்சுத் தமிழ் 'தப்பு' என்று சொல்லிவிடாதீர்கள். தாத்தா பேசும் தமிழே தப்பு என்று குழந்தைக்குப் பட்டுவிடும். "வீட்டுக்கு ஒரு சட்டை, பள்ளிக்கு ஒரு சட்டை" என்று நான் வகுப்பில் சொல்வேன். கட்டுரையில் யாராவது பேசுகிற இடம் வந்தால் அங்கே வீட்டுச் சட்டையோடு வரலாம். வேட்டியை இழுத்தபோது தாத்தா என்ன சொல்லிக் கத்தினார் என்று கேட்டு, அதை அப்படியே எழுதி, இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போடச் சொல்லுங்கள். மேற்கோள் குறி எதற்கு என்று தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

அடுத்து, "பல கடைகள் இருந்தது", "மாடுகள் நின்னுச்சு". கைடில் இதற்கு எழுவாய், பயனிலை என்று ஒரு பக்கம் இருக்கும். உங்கள் மகனின் சிக்கல் வேறு. அவன் பிறந்ததிலிருந்து "மாடுகள் நின்றன" என்று யாரும் பேசி அவன் கேட்டிருக்க மாட்டான். ஒரு மாடும் 'நின்னுச்சு'தான், ஒன்பது மாடும் 'நின்னுச்சு'தான். பேச்சில் பெரும்பாலும் இல்லாத ஒரு வடிவத்தை எழுத்தில் எதிர்பார்க்கிறோம். அதனால்தான் சத்தமாகப் படித்தாலும் இந்தப் பிழை அவன் காதில் விழாது. இதை நேரடியாகத்தான் கற்றுத்தர வேண்டும், இரண்டு நாள் வேலை. வினைச்சொல்லின் வாலைப் பார்க்கச் சொல்லுங்கள். நான் என்றால் வால் 'ஏன்', நாங்கள் என்றால் 'ஓம்', அவன் என்றால் 'ஆன்', அவள் என்றால் 'ஆள்', அவர்கள் என்றால் 'ஆர்கள்', அது என்றால் 'அது', அவை என்றால் 'அன'. வந்தேன், வந்தோம், வந்தான், வந்தாள், வந்தார்கள், வந்தது, வந்தன. வாக்கியம் எழுதியதும் ஒரு விரலை 'யார், எது' என்று காட்டும் சொல்லிலும் இன்னொரு விரலை வாலிலும் வைத்துப் பார்க்க வேண்டும். என் வகுப்பில் இதற்கு 'வால் பிடிக்கிறது' என்றே பெயர். தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற பெயர்களெல்லாம் பின்னால் வரட்டும். கையில் பிடிபட்ட பொருளுக்குப் பெயர் வைப்பது எளிது.

மூன்றாவது இனம், கிலியும் பொறியும் எல்லாறும். கிலி என்றால் பயம். சந்தையில் அதை விற்றால் நான்கூட அந்தப் பக்கம் போக மாட்டேன். பொறி என்றால் எலி பிடிக்கிற கூண்டு, தாத்தா பேரனுக்கு வாங்கித் தரக்கூடிய தின்பண்டம் இல்லை. இதை அவனிடம் இப்படியே சொல்லிச் சிரியுங்கள், ஆயுளுக்கும் மறக்க மாட்டான்.

ஆனால் இந்த மூன்றையும் ஒரே மாதிரிப் பிழையாகப் பார்க்கக் கூடாது. பெரும்பாலான வீடுகளில் இங்கேதான் நேரம் வீணாகிறது. ல, ள வேறுபாடு வாயில் இருக்கிறது. 'ல' சொல்லும்போது நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் தொடும். 'ள' சொல்லும்போது பின்னால் மடங்கி மேல் அண்ணத்தைத் தொடும். 'ழ'வுக்கும் மடங்கும், ஆனால் அழுத்தாமல் வருடிக்கொண்டு போகும். புலி, புளி, ஒலி, ஒளி, ஒழி என்று கண்ணாடி முன்னால் நின்று சொல்லச் சொல்லுங்கள். சரியாகச் சொல்ல வந்துவிட்டால் சரியாக எழுதவும் வரும். அவன் 'கிளி' என்று சரியாகச் சொல்லிவிட்டு 'கிலி' என்று எழுதினால் அது கவனக் குறைவு, 'கிலி' என்றே சொன்னால் வாயைப் பழக்க வேண்டும். முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ர, ற கதை அப்படி இல்லை. இன்று நம்மில் பெரும்பாலோர் பேச்சில் இரண்டையும் ஒன்றாகத்தான் ஒலிக்கிறோம். நீங்கள் எவ்வளவு அழுத்தி "எல்லா...ரும்" என்று சொன்னாலும் அவன் காதுக்கு வித்தியாசம் தெரியாது. காதால் வராததைக் கண்ணால்தான் கொண்டுவர வேண்டும். அதாவது அச்சில் அந்தச் சொல்லைப் பலமுறை பார்த்திருக்க வேண்டும், கையால் எழுதியிருக்க வேண்டும். சமையலறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டுங்கள். கரை, கறை. அரை, அறை. பொரி, பொறி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அவனே ஒரு சின்னப் படம் போடட்டும். ஆற்றங்கரைக்கு ஒரு படம், சட்டைக் கறைக்கு ஒரு படம். வாரத்துக்கு மூன்று இணை போதும்.

ந, ண, ன பற்றி அவன் கட்டுரையில் சொல்லும்படி சிக்கல் இல்லை, அதனால் நீளமாகப் போகவில்லை. என்றாவது தடுமாறினால் அந்த எழுத்துகளின் பெயரைச் சொல்லிக் கொடுங்கள். டண்ணகரம், தந்நகரம், றன்னகரம். பெயரிலேயே விதி இருக்கிறது. ட பக்கத்தில் ண் வரும், வண்டு. த பக்கத்தில் ந் வரும், பந்து. ற பக்கத்தில் ன் வரும், கன்று. சொல்லின் முதலெழுத்தாக வந்தால் எப்போதும் ந தான்.

கடைசி இனம் ஒற்று. சந்தைக்குப் போனோம், எனக்குப் பொரி, வாங்கிக் கொடுத்தார், வேட்டியைக் கடித்து, அதைப் பார்த்து, தாத்தாவுக்குக் கோபம் என்று ஆறு இடத்தில் விட்டிருக்கிறான். 'ஊர்ச் சந்தை' என்று வர வேண்டியதை வட்டமிட ஆசிரியரும் விட்டுவிட்டார், எனக்கும் அதில் வருத்தமில்லை. என் கருத்தை நேராகவே சொல்கிறேன். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு வல்லினம் மிகும் இடம், மிகா இடம் என்று முழுப் பட்டியலைக் கொடுப்பது வீண் வேலை. கடைப் பலகையிலும் கல்யாணப் பத்திரிகையிலும் பெரியவர்களே கோட்டை விடுகிறார்கள். மூன்றே மூன்று சொல்லிக் கொடுங்கள். அந்த, இந்த, எந்த என்பவற்றுக்குப் பின்னால் க, ச, த, ப வந்தால் ஒற்று போடு. 'ஐ' என்று முடிகிற அவனை, வேட்டியை, அதை போன்றவற்றுக்குப் பின்னால் போடு. 'கு' என்று முடிகிற கடைக்கு, எனக்கு போன்றவற்றுக்குப் பின்னால் போடு. அவன் விட்ட ஆறில் ஐந்து இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். 'வாங்கிக் கொடுத்தார்' மட்டும் வெளியே நிற்கும், அது மேல் வகுப்பு வரை காத்திருக்கட்டும்.

'அதற்க்கு' என்று எழுதியிருக்கிறானே, அது விட்ட ஒற்று இல்லை, கூடுதலாகப் போட்ட ஒற்று. முயற்ச்சி, கட்ச்சி என்று சுவரொட்டிகளில் பார்த்திருப்பீர்கள். இதற்கு ஒரு விதி உண்டு, அதில் விலக்கு தேட வேண்டியதில்லை: ற், ட் என்ற புள்ளி எழுத்துகளுக்கு அடுத்து இன்னொரு புள்ளி எழுத்து வராது. அதற்கு, முயற்சி, விற்பனை, கட்சி, நட்பு. வளர்ச்சி, வாழ்க்கை, வாய்ப்பு என்று ர், ழ், ய் பக்கத்தில் வரலாம், ற் ட் பக்கத்தில் வராது. இதைச் சொல்லிவிட்டு அவனைக் கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பலகைகளில் தப்பைப் பிடித்தால் ஒரு தப்புக்கு ஒரு மிட்டாய் என்று பேசிக்கொள்ளுங்கள். பை நிறையக் காசு எடுத்துப் போங்கள், அவ்வளவுதான் எச்சரிக்கை.

நேரத்துக்கு வருவோம். ஆறு வாரம் இருக்கிறது. ஒரு நாளைக்கு 20 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். ஒரு வாரத்தில் ஒரு இனம் மட்டும். 'வால் பிடிக்கிற' வாரத்தில் அவன் ஒற்றை விட்டாலும் கண்டுகொள்ளாதீர்கள். கை அரிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். திருத்தும்போது சொல்லை வட்டமிடாமல், பிழை உள்ள வரிக்கு நேரே ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். இந்த வரியில் ஏதோ இருக்கிறது, தேடு என்று அர்த்தம். நீங்கள் திருத்தினால் உங்களுக்குப் பயிற்சி, அவன் தேடினால் அவனுக்குப் பயிற்சி. என் வேலையில் பாதி நாள் கழிந்த பிறகுதான் இது எனக்கு உறைத்தது.

வாரத்தில் இரண்டு நாள் சொல்வதை எழுதுதல். ஐந்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து கொடுக்காதீர்கள், மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை எடுங்கள். வீட்டில் இல்லாவிட்டால் அரசின் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. ஐந்து வரி. முதலில் அவன் சத்தமாகப் படிக்கட்டும், அப்புறம் நீங்கள் சொல்ல அவன் எழுதட்டும், அப்புறம் புத்தகத்தை அவன் கையிலேயே கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மதிப்பெண் போடாதீர்கள். "மூன்றாம் வகுப்பா?" என்று முகம் சுளிப்பான். அரசுப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை வகுப்பை வைத்துப் பிரிக்காமல், எட்டியிருக்கிற நிலையை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று குழுவாக உட்கார வைத்தார்கள். அந்த யோசனையின் நியாயம் வகுப்பில் நின்று பாடம் நடத்தியவர்களுக்குத் தெரியும். படி எங்கே விட்டுப்போயிற்றோ அங்கிருந்துதான் ஏற வேண்டும்.

கைடை என்ன செய்வது என்றால், பரணில் போட்டுவிடுங்கள். இன எழுத்து, மயங்கொலி, நால்வகைச் சொற்கள் எல்லாம் ஆறாம் வகுப்புப் பாடத்திலேயே முறையாக வரப் போகின்றன. கன்று, கண்ணு என்று விளையாடிவிட்டுப் போகிற பிள்ளைக்கு அந்தப் பாடம் ஏற்கெனவே தெரிந்த கதையாக இருக்கும். கையெழுத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. படிக்கிற மாதிரி இருக்கிறது, போதும்.

உங்கள் வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை. அவர் கேட்பது நியாயமான கேள்விதான். கணக்கோ அறிவியலோ எந்த மொழியில் எழுதினாலும், ஒரு வாக்கியத்தை எழுதி முடித்துத் திரும்பிப் பார்க்கிற பழக்கம் வேண்டும். பிள்ளைக்கு நன்றாகப் பேச வருகிற மொழியில் அந்தப் பழக்கம் சீக்கிரம் பிடிக்கும். அவருக்கு ஒரு வேலையும் இருக்கிறது. இரவில் பத்து நிமிடம் மகனுக்கு ஏதாவது கதைப் புத்தகத்தை உரக்கப் படித்துக் காட்டட்டும். எழுத்துத் தமிழ் காதில் விழ இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது.

அப்புறம், அந்தக் கட்டுரைத் தாளைப் பத்திரமாக வையுங்கள். ஜூன் முதல் வாரத்தில் அதே சந்தையைப் பற்றி மறுபடி எழுதச் சொல்லி, பழையதைப் பார்க்காமல் எழுதிய பிறகு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவனையே படிக்கச் சொல்லுங்கள்.

முதல் நாள் வேலை மட்டும் வேறு. பென்சில், நோட்டு, கைடு எதையும் எடுக்காதீர்கள். அந்தக் கன்றுக்குட்டியைக் கடைசியில் யார் வாங்கிக்கொண்டு போனார்கள், தாத்தாவின் வேட்டி கிழிந்ததா இல்லையா என்று அவன் எழுதவே இல்லை. எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை. கேளுங்கள்.